கொப்பியில் எழுதாத சொல்

கீழ்ப்பிரிவு லயம்,
கல்லருவித் தோட்டம்,
பெரகல.
28.09.2003

என் அன்பு மருமகள் சிவசக்திக்கு,

உன் மாமா அழகையா எழுதுவது. மழை இன்னும் தொடங்கவில்லை. தொடங்கினாலும் பயமில்லை, பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன் என்று தோட்டமே நிம்மதியாக இருக்கிறது.

உன் கம்பனி அனுப்பிய மழைக் கிண்ணத்தை ஆபிஸ் கூரையில் ஏற்றியாகிவிட்டது. ஏற்றியவன் யார்? முருகையா ஏணியைப் பிடித்தான், அவ்வளவுதான். ஐம்பத்தாறு வயதில் நான் தகரத்தின் மேல் நடந்த நடையைப் பார்த்துப் பெரிய துரை, "அழகையா, இறங்கு, எனக்கு மயக்கம் வருது" என்றார். (அவர் சிங்களத்தில்தான் சொன்னார். நான் தமிழில் கேட்டுக்கொண்டேன்.)

லயத்து வரிசை வீடுகளின் ஆட்களுக்கெல்லாம் நானே பாடம் எடுத்தேன். கிண்ணம் நிறைந்து ஒரு தரம் கவிழ்ந்தால் ஆபிஸ் கம்பியூட்டர் ஒன்று எண்ணும். எண்ணிக்கை மளமளவென்று ஏறினால் பெக்டரிக் கூரையில் இருக்கிற மணி தானாக அடிக்கும். மணி அடித்தால் நாற்பத்திரண்டு குடும்பமும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும். சரிதானே? லயத்துக்குப் பின்னால் மலையில் விழுந்த வெடிப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். போன வருடம் அதில் என் கை நுழைந்தது. இப்போது முழங்கை நுழைகிறது.

ஒரு குறை. "டிரைவர் தபாலில் வருகிறது" என்று எழுதியிருந்தாய். படித்த பிள்ளை, "வருகிறார்" என்று எழுத வேண்டாமா? வியாழக்கிழமை காலையிலிருந்து பெரகலச் சந்தியில் ஜாபிர் கடை வாசலில் நின்றேன். பண்டாரவளை பஸ் வந்தது, வெல்லவாய பஸ் வந்தது, டிரைவர் வரவில்லை. வீட்டில் உன் அத்தை இராக்கம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்துவிட்டாள். கோழி வீணாகக் கூடாதே என்று ஜாபிரைக் கூட்டிப்போய் டிரைவரின் பங்கை அவருக்குப் போட்டேன். தபாலில் ஒரு சதுரத் தட்டு மட்டும் வந்திருக்கிறது. அதை யாரிடம் கொடுப்பது?

இப்படிக்கு,
மழை மெஷின் பொறுப்பாளர்,
மாமா

*

கொழும்பு – 6
05.10.2003

அன்புள்ள மாமா,

அந்தச் சதுரத் தட்டுதான் டிரைவர். அதைப் பெரிய கிளாக்கர் தனேஸ்வரன் ஐயாவிடம் கொடுங்கள். கம்பியூட்டருக்குக் கிண்ணத்தின் பாஷை தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நின்று பேசுகிற சின்ன நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். நான் எழுதியது. ஆறு மாத வேலை. அதற்குக் கோழி வேண்டாம், ஆனால் எனக்கு ஒன்று வைத்திருக்கலாம்.

இப்போது ஒரு பொறுப்பு. உங்களைத் தவிர யாரிடமும் கொடுக்க மாட்டேன். கிழமைக்கு ஒரு தரம், ஏழு நாளையும் சேர்த்து, எனக்கு ஒரு நோட்டுக் கொப்பித் தாள் வர வேண்டும். அதில் ஒவ்வொரு நாளுக்கும் நேரே ஒரே ஒரு சொல். மெஷின் ஓடினால் "இருக்கு". நின்றுபோயிருந்தால் "இல்லை". கதை வேண்டாம், மாமா. துரை என்ன சொன்னார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதெல்லாம் தனிக் கடிதத்தில் எழுதுங்கள், ஆசையாகப் படிப்பேன்.

ஜனவரி முடியும் வரைதான் இந்தச் சோதனை. அதற்குள் மெஷினை நம்பலாம் என்று தெரிந்தால் மற்றத் தோட்டங்களுக்கும் போகும். நம்ப முடியாதென்றால் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். எனக்கு மற்றத் தோட்டங்கள் பிறகு. அம்மா போன பிறகு நீங்களும் அத்தையும் என்னை வளர்த்த ஏழாம் நம்பர் வீட்டுக்கு நேர் மேலே அந்த வெடிப்பு இருக்கிறது.

அன்புடன்,
சிவசக்தி

*

கல்லருவி
26.10.2003

அன்பு மருமகளுக்கு,

மழை பிடித்துவிட்டது. நம் பக்கத்து மழையைப் பற்றிக் கொழும்பில் இருக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டும். குடை பிடித்தால் குடைக்குள்ளும் பெய்கிறது.

உன் டிரைவர் கெட்டிக்காரன். தனேஸ்வரன் ஐயா தட்டைப் போட்டதும் திரையில் எண்கள் ஓடின. "அழகையா, உம்மட மருமகள் லேசுப்பட்ட ஆள் இல்லையப்பா" என்றார். நான் சும்மா இருப்பேனா? "ஐயா, மூணு வயசுலயே எங்க ரேடியோவைக் கழட்டினவ" என்றேன். திரும்ப மாட்டவில்லை என்பதைச் சொல்லவில்லை.

நீ சொன்னபடி கொப்பித் தாள். திங்கள் இருக்கு. செவ்வாய் இருக்கு. புதன் நிறைஞ்சிருக்கு. வியாழன் நிறைஞ்சிருக்கு. வெள்ளி இருக்கு. சனி நிறைஞ்சிருக்கு. ஞாயிறு நிறைஞ்சிருக்கு.

ஒரு சொல்லுக்கு மேல் எழுதவில்லை, பார்த்தாயா? கை எவ்வளவு அரித்தது என்று எனக்குத்தான் தெரியும்.

மழை நாட்களில் ஆபிஸில் நல்ல கூட்டம். தனேஸ்வரன் ஐயா அந்தக் கம்பியூட்டரிலேயே பழைய பாட்டும் வைத்திருக்கிறார், தெரியுமா? அதைச் சும்மா ஒரு செய்தியாகச் சொல்கிறேன்.

மாமா

*

கொழும்பு – 6
02.11.2003

அன்புள்ள மாமா,

தாளைப் பார்த்துத் துள்ளிக் குதித்தேன். ஏழு நாளில் நான்கு நாள் கிண்ணம் நிறைந்திருக்கிறது! கிண்ணம் நிறைந்தபடியே நிற்கக் கூடாது, உடனே கவிழ்ந்துவிட வேண்டும். அதனால் கிண்ணம் சிறிது என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். பெரியது ஒன்று பார்சலில் வருகிறது. (கிண்ணம்தான். யாரும் சந்தியில் நிற்க வேண்டாம்.)

ஐயா அனுப்பிய பதிவுத் தட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துத் திறக்கவே இல்லை. அதனால் இப்போது உங்கள் கொப்பிதான் எங்களுக்கு ஒரே சாட்சி. கூட்டத்தில் அதை எடுத்துக் காட்டினேன். "யார் இந்த அழகையா?" என்று கேட்டார்கள். "எங்கள் மழை மெஷின் பொறுப்பாளர்" என்றேன்.

சிவசக்தி

*

கல்லருவி
24.11.2003

அன்பு மருமகளுக்கு,

முதலில் சொல்லிவிடுகிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பேப்பரில் பார்த்துப் பயப்படாதே. பேப்பரில் வராது, ஆனாலும் வந்தால்.

சனிக்கிழமை பகல் மூன்று மணி. மலைக்கு மேலே யாரோ அணையைத் திறந்துவிட்ட மாதிரி மழை. வெடிப்புக்குக் கீழே ஒரு துண்டு மண் பிய்த்துக்கொண்டு வந்து, லயத்துப் பின்பக்கக் காய்கறித் தோட்டத்தை எல்லாம் மூடி, நம் கோழிக்கூட்டில் வந்து நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கோயிலில் இருந்த தப்பைத் தோளில் மாட்டி, லயத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை அடித்துக்கொண்டே ஓடினேன். அடித்த அடியில் தப்பின் தோல் கிழிந்தது. நாற்பத்திரண்டு குடும்பமும் என் பின்னால் வந்தது. ஒரு கிழவியை நான் தூக்கினேன். இரண்டு கிழவி என்றும் சிலர் சொல்கிறார்கள்.

மணி அடிக்கவில்லை என்று யாராவது உனக்கு எழுதினால் நம்பாதே. தப்புச் சத்தத்தில் மணி யாருக்குக் கேட்கும்?

இத்துடன் தாள். சனிக்கிழமைக்கு நேரே நிறைஞ்சிருக்கு. பெரிய கிண்ணம் நன்றாக இருக்கிறது.

மாமா

*

கொழும்பு – 6
30.11.2003

மாமா,

நேற்றுக் காலை என் அறைத் தோழி லதுஷா கடைக்குக் கிளம்பினாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நான் அடுப்படியிலிருந்து, "லதுஷா, உப்பு நிறைஞ்சிருக்கு!" என்று கத்தினேன். அவள் போய், மாவும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு வந்தாள். உப்பு எங்கே என்றேன்.

"நீர்தானே உப்பு நிறைஞ்சிருக்கெண்டு சொன்னனீர்? பிறகென்னத்துக்கு நான் வாங்கோணும்?"

"அடியே, நிறைஞ்சிருக்குன்னா தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்டி."

"உங்கட ஊரில இல்லையெண்டதுக்கு நிறைஞ்சிருக்கெண்டோ சொல்லுறது?"

சட்டியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு உங்கள் கொப்பித் தாள்களைத் தேடி எடுத்தேன்.

எப்படி மறந்தேன், மாமா? பானையில் ஒரு மணி அரிசிகூட இல்லாத அன்றும் அத்தை, "அரிசி நிறைஞ்சிருக்கு, கடைப்பக்கம் போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வார். இல்லை என்று வாயால் சொன்னால் அது மறுபடி வீட்டுக்கு வராது என்று எனக்குச் சொல்லித் தந்ததும் அத்தைதான். பதினொரு நாள் "நிறைஞ்சிருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். பதினொரு நாளும் மெஷின் செத்துக் கிடந்ததா? மண் வந்த சனிக்கிழமையும்? நான் அதைக் கூட்டத்தில் காட்டிக் கைதட்டல் வாங்கினேன். பெரிய கிண்ணம் அனுப்பினேன்.

கோபத்தோடு எழுதத் தொடங்கினேன். ஆனால் உடனே ஆபிஸுக்குப் போய் அதே மாதிரி ஒரு கம்பியூட்டரில் ஏழெட்டு நிரல்களை ஒன்றாக ஓடவிட்டு, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நான்கு நிமிடத்தில் விழுந்தது. குற்றம் என்னுடையது.

கிண்ணம் ஒவ்வொரு தரம் கவிழும்போதும் அதை எழுதிவைக்க டிரைவர் கம்பியூட்டரின் நினைவகத்தில் கொஞ்சம் இடம் கேட்கும். இருந்தால் கம்பியூட்டர் இடத்தின் விலாசத்தைக் கொடுக்கும். இடம் தீர்ந்துபோயிருந்தால் பூச்சியம் என்று ஒரு விலாசத்தைக் கொடுக்கும். அதுதான் அதன் பாஷையில் "இல்லை". வாங்கியதும் பூச்சியமா என்று பார்க்க வேண்டும். முதல் வகுப்புப் பாடம் அது. நான் பார்க்கவில்லை. இத்துனூண்டு இடம்தானே, எப்போதும் கிடைக்கும் என்று இருந்துவிட்டேன். டிரைவர் அந்த இல்லாத விலாசத்தில் போய் எழுதப் பார்க்கிறது. மெஷின் அந்த இடத்திலேயே செத்துப்போகிறது.

உங்களுக்கு "இல்லை" என்று சொல்ல வராது. எனக்கு "இல்லை" என்று சொன்னால் காதில் ஏறாது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தானே.

உண்மையை மட்டும் எழுதுங்கள். சனிக்கிழமை என்ன நடந்தது?

சிவசக்தி

*

கல்லருவி
08.12.2003

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். "புள்ளைக்கிட்டயே பொய்யா? எழுதுங்க, இல்லாட்டி நான் யாரையாச்சும் வச்சு எழுதிப்புடுவேன்" என்று உன் அத்தை சொல்லிவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

தப்பு நான் அடிக்கவில்லை. தோல் முன்பே கிழிந்திருந்தது. கிழவி தானாக நடந்து வந்தாள், என்னைவிட வேகமாக.

அன்றைக்கு நான் ஆபிஸில் இருந்தேன். மழைக்கு ஒதுங்கிய ஆட்கள் இருபது பேர். தனேஸ்வரன் ஐயாவிடம் ஒவ்வொரு மழை நாளும் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்டது நான்தான். அவர் ஒரு பக்கம் பேர்ப் பட்டியல் அடிப்பார், ஒரு பக்கம் பாட்டு ஓடும். கொஞ்ச நேரத்தில் பாட்டு ஒரு சொல்லின் பாதியில் நிற்கும். "அழகையா, மிசின் திரும்பவும் படுத்திட்டுது" என்பார். நிறுத்தித் திரும்பப் போட்டால் எழும்பும், இல்லாவிட்டால் அடுத்த நாள். பாட்டு நின்றதுக்குத்தான் நான் கவலைப்பட்டேன், மகளே. அதோடு மணியும் நின்றுபோனது என்று என் மூளைக்கு எட்டவில்லை.

சனிக்கிழமை ஆட்களைக் காப்பாற்றியது உன் அத்தை. மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறாள். தண்ணீர் சிவப்பாக வந்திருக்கிறது. "பீலித் தண்ணி சாயத் தண்ணி மாதிரி வருது, மல நகருதுடி, வெளிய வாங்கடி!" என்று குடத்தில் கரண்டியால் அடித்துக்கொண்டு ஓடினாள். நான் ஆபிஸிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாரும் மேட்டில் நின்றார்கள். "என்னங்க, பாட்டு முடிஞ்சுதா?" என்று மட்டும்தான் கேட்டாள்.

உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. முதல் புதன்கிழமை "இ" போட்டேன். "ல்" வரவில்லை. நீ செய்த மெஷின். உன் பெயரோடு வந்தது. அதை இல்லை என்று என் கையால் எழுதினால் இல்லாமலே போய்விடும் என்று பயந்தேன். விளக்கை அணை என்றுகூடச் சொல்லாத வீடு நம் வீடு. அமர்த்து என்போம். உனக்குப் புரியும் என்று நினைத்தேன். பிறகு பெரிய கிண்ணம் வந்தது. அப்போதே புரியவில்லை என்று தெரிந்தது. ஆனால் பார்சலில் என் பெயருக்குக் கீழே "பொறுப்பாளர்" என்று அடித்திருந்தது. அதை முருகையாவிடம் வேறு காட்டிவிட்டேன்.

பாட்டை நிறுத்திவிட்டோம்.

மாமா

*

கொழும்பு – 6
21.12.2003

அன்புள்ள மாமா,

கூட்டத்தில் எழுந்து உள்ளதைச் சொன்னேன். பதினொரு நாள், சனிக்கிழமை, பூச்சியம், எல்லாம். ஒரு மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் கழற்றுவோம் என்றார்கள். மூன்று கிழமையில் சரிசெய்துவிட்டேன்.

புதிய டிரைவர் இத்துடன் வருகிறது, பிளாஸ்டிக் உறையில் இரண்டு பிரதிகள். இது காலையில் எழும்பும்போதே ஐந்நூறு கவிழ்ப்புக்கு வேண்டிய இடத்தைக் கேட்டு வாங்கித் தனியாக வைத்துக்கொள்ளும். அப்போதே கிடைக்காவிட்டால், அதுவரை வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "என்னால் முடியாது" என்று மணியை ஒரு தரம் அடித்துச் சொல்லிவிடும். ஓடுகிற மாதிரி நடிக்காது. மழை பெய்யும்போது கிண்ணம் காத்திருக்காது, அதனால் டிரைவரும் இடத்துக்காகக் காத்திருக்க முடியாது. கேட்கும். இல்லை என்றால் தனியாக வைத்ததிலிருந்து எடுக்கும். அதுவும் தீர்ந்தால் எத்தனை தரம் கவிழ்ந்தது என்று ஒரே ஒரு எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போகும். எந்த நிமிடத்தில் எவ்வளவு என்பது கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். மணிக்கு அந்த ஒரு எண் போதும்.

சோதிக்க என்ன செய்தேன் தெரியுமா? கேட்கும்போதெல்லாம் மூன்றில் ஒரு தரம் வேண்டுமென்றே "இல்லை" என்று சொல்ல வைத்தேன். இரண்டு நாள், ஆயிரக்கணக்கான "இல்லை". விழவில்லை. லதுஷா பார்த்துவிட்டு, "பாவம், இவ்வளவு இல்லையைக் கேட்டும் உம்மட டிரைவர் கல்லு மாதிரி நிக்குது" என்றாள்.

பாட்டைப் போடச் சொல்லுங்கள், மாமா. பாட்டுக்குப் பயப்படுகிற டிரைவர் எனக்கு வேண்டாம். பாட்டு ஓடும்போது கூரையில் ஏறி, நீங்கள் வேண்டாம், முருகையா ஏறி, கிண்ணத்தில் கேத்தல் கேத்தலாகத் தண்ணீர் ஊற்றட்டும்.

இடம் கிடைக்காத ஒவ்வொரு தரமும் திரையில் ஒரு வரி வரும்: "நினைவகம் நிறைஞ்சிருக்கு." எங்கள் ஆட்களுக்கு அது நேர் அர்த்தம். நமக்கு நம் அர்த்தம். மெஷின் அப்படிச் சொல்லட்டும். கொப்பியில் நீங்கள் மட்டும் இல்லாததை இல்லை என்று எழுதுங்கள். எனக்காக.

பொங்கலுக்கு வருகிறேன்.

சிவசக்தி

*

மேட்டுப் பள்ளிக்கூடம்,
கல்லருவித் தோட்டம்,
பெரகல.
08.01.2004

என் அன்பு மருமகள் சிவசக்திக்கு,

விலாசம் மாறியிருக்கிறது என்று பார். பயப்படாமல் வாசி. இதில் ஒன்றும் கூட்டவில்லை. உன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள்.

கேத்தல் தண்ணீர் ஊற்றி முருகையா மணியை மூன்று தரம் அடிக்க வைத்தான். அது போன மாதம். இது செவ்வாய்க்கிழமை. பகல் ஒன்றே முக்கால். மழை. ஆபிஸில் பாட்டு ஓடுகிறது. திரையில் "நினைவகம் நிறைஞ்சிருக்கு" என்று வந்தது. மறுபடி வந்தது. பதினேழு தரம் எண்ணினேன். பாட்டு பாதியில் நின்றது. திரையைப் பார்த்தால் கிண்ணத்தின் எண் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிறகு பெக்டரிக் கூரையில் மணி அடித்தது.

நான் ஓடினேன். தோளில் தப்பு இல்லை, வெறுங்கால். நான் போகும் முன்பே கதவுகள் திறந்துவிட்டன. எல்லாரும் ஏறினோம். பள்ளிக்கூட வாசலில் உன் அத்தை நின்று ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி எண்ணினாள். நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினாள். நாற்பத்திரண்டு.

மூன்று பத்துக்கு மலை வந்தது. கொஞ்சமாக இல்லை. மூன்றாம் நம்பரிலிருந்து பதினான்காம் நம்பர் வரை லயம் இருந்த இடத்தில் இப்போது சிவப்பு மண். ஏழாம் நம்பர் வீடும் அதற்குள். உன் பள்ளிச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தோடு சுவரில் இருந்தது, எடுக்க முடியவில்லை. அத்தையின் ஏழு கோழி போய்விட்டது. (ஒன்பது என்று எழுதினேன். அழிக்கச் சொல்லிவிட்டாள்.)

மண் நின்றதும் தனேஸ்வரன் ஐயா ஆபிஸிலிருந்து சேறும் சகதியுமாக ஓடி வந்தார்.

"அழகையா, உள்ளுக்கு ஆரும் இருக்கினமோ?"

"இல்லங்க."

"வடிவாப் பார்த்துச் சொல்லும்."

"இல்லங்க ஐயா. இல்ல. ஒருத்தரும் இல்ல."

வாழ்நாளில் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் அன்றைக்கே சொல்லித் தீர்த்தேன். அவர் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொப்பித் தாள் இத்துடன் இருக்கிறது. செவ்வாய்க்கு நேரே ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கிறேன், மன்னித்துக்கொள்.

மெஷின் – இருக்கு.
லயத்தில் ஆள் – இல்லை.

எழுத்து நன்றாக இருக்கிறதா? "ல்" இந்தத் தரம் தானாக வந்துவிட்டது.

எங்களை நினைத்துக் கவலைப்படாதே. பொங்கலை இந்தப் பள்ளிக்கூட முற்றத்தில் வைப்போம். நீ கட்டாயம் வர வேண்டும். வரும்போது பெரகலச் சந்தியில் இறங்கி, ஜாபிர் கடையில் பச்சரிசியும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு வா. இங்கே எல்லாம் நிறைஞ்சிருக்கு.

மாமா